பண்டசாலைக்குச் சுவர் இருந்ததா? தீர்த்தாண்டதானம் கல்வெட்டை முன்வைத்து

சேதுக்கரையின் வணிகக் கட்டடங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கீழக்கரையில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். மரைக்காயர் கிட்டங்கிகள், டச்சுக்காரர் இருப்பு, பவளப்பாறைக் கல்லில் எழுப்பிச் சுண்ணாம்பு பூசிய சுவர்கள் என்று கண்ணுக்குத் தெரிவன எல்லாம் அங்கே இருப்பதால் அது இயல்பே. ஆனால் சரக்கை இறக்கி, அடைத்து, மொத்தமாக விற்றுக்கொடுக்கும் இடமான பண்டசாலை இந்தக் கரையில் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இருந்தது. திருப்பாலைக்குடிக்கு வடக்கே, தொண்டியையும் தாண்டினால் வரும் தீர்த்தாண்டதானத்துச் சிவன் கோயிலில் உள்ள 1269ஆம் ஆண்டுக் கல்வெட்டு அதற்குச் சான்று.

கல்வெட்டின் செய்தி எளியது. கோயிலைப் பழுது பார்ப்பதற்காக வணிகக் குழுவினர் பலர் கூடித் தங்கள் சரக்குகளின் மீது ஒரு தொகையை விதித்துக்கொள்கிறார்கள். இன்று வணிகர்கள் மகமை என்று பிடிப்பார்களே, அது போன்றதுதான். கூடியவர்களின் பட்டியலில் அஞ்சுவண்ணம், மணிக்கிராமத்தார், சாமந்த பண்டசாலிகள், தென்னிலங்கை வளஞ்சியர், கைக்கோளர், வாணியர், கரையார் ஆகியோர் இடம்பெறுகிறார்கள்.

இந்தப் பட்டியலைச் சரியாகப் படிக்கவிடாமல் இன்றுவரை குறுக்கே நிற்பது ஹெர்மன் குண்டர்ட்டின் கருத்து. அவர் 1844இல் கேரளச் செப்பேடுகளை விளக்கும்போது அஞ்சுவண்ணத்தை யூதர்களுடைய, மணிக்கிராமத்தைக் கிறித்தவர்களுடைய, ஏறக்குறைய தன்னாட்சி பெற்ற சிறு ஆட்சிப்பகுதிகளாகக் கொண்டார். குழு என்றால் ஒரு சமயம், ஒரு சமயம் என்றால் ஒரு தனி நிலம் என்பது அவருடைய கணக்கு. குண்டர்ட்டிடம் நியாயம் இல்லாமல் இல்லை. பாஸ்கர ரவியின் செப்பேடு யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு அஞ்சுவண்ணத்தை அளிக்கிறது. அதை மட்டும் கையில் வைத்திருப்பவர் வேறு முடிவுக்கு வருவது கடினம். தீர்த்தாண்டதானம் கல்வெட்டு அவர் காலத்தில் படியெடுக்கப்படவும் இல்லை.

ஆனால் அவர் கையிலிருந்த கொல்லம் செப்பேடே அவருக்கு எதிராகப் பேசுகிறது. 849இல் தரிசாப்பள்ளிக்கு அளித்த கொடையில் சாட்சிகள் அரபி எழுத்திலும் பஹ்லவி எழுத்திலும் எபிரேய எழுத்திலும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஒரு கிறித்தவப் பள்ளியின் கொடைக்கு முஸ்லிமும் பார்சியும் யூதரும் சாட்சி நிற்கிறார்கள் என்றால் தனித்தனி ஆட்சிப்பகுதி எங்கிருந்து வந்தது? மணிக்கிராமம் பற்றிய பாதியை வெங்கய்யா, வீரராகவனின் கோட்டயம் செப்பேட்டைப் பதிப்பித்தபோதே திருத்தி, அது வணிகக் குழு என்று நிறுவினார். அஞ்சுவண்ணம் மேற்காசிய வணிகர்களின் குழு, பிற்காலத்தில் பெரிதும் முஸ்லிம்களுடையது என்று எ. சுப்பராயலு 2009இல் வெளியான கட்டுரையில் விரிவாகக் காட்டிவிட்டார். இருந்தும் உள்ளூர் வரலாறு எழுதுவோரிடம் குண்டர்ட் மறையவில்லை. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒவ்வொரு சாலைக்கும் ஒரு சமூகத்தைக் கட்டிவைக்கும் பழக்கம் அவரிடமிருந்து வந்ததுதான்.

பட்டியலில் பண்டசாலிகள் தனித்து நிற்கிறார்கள் என்பது என் வாதம். மற்றவர்கள் குழுவாலோ தொழிலாலோ ஊராலோ குறிக்கப்படுகிறார்கள். இவர்கள் மட்டும் ஒரு கட்டடத்தால் குறிக்கப்படுகிறார்கள். பண்டசாலை வைத்திருப்பதே சபையில் இடம் தரும் தகுதியாக இருந்திருக்கிறது. வெறும் காவல்காரருக்கோ சுங்கக் கணக்கருக்கோ அந்தத் தகுதி கிடைக்காது. சரக்கைத் தன் பொறுப்பில் ஏற்று விற்றுக்கொடுத்தவருக்கே கிடைக்கும்.

அரசனுக்குக் கீழ்ப்பட்ட தலைவரைக் குறிக்கும் ‘சாமந்த’ என்ற அடைமொழி இதற்கு வலு சேர்க்கிறது. திருப்புல்லாணியில் உள்ள 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று, பவித்திரமாணிக்கப்பட்டினத்துக் கீழ்ப்பால் இருந்த ‘சோனக சாமந்தப்’ பள்ளிக்கு நிலம் விட்டதைச் சொல்கிறது. அந்தப் பட்டினம் இன்றைய பெரியபட்டினம். அதே நூற்றாண்டு, அதே கரை, அதே பட்டம். ஆகவே தீர்த்தாண்டதானத்துச் சாமந்த பண்டசாலிகளிலும் அரச மதிப்புப் பெற்ற சோனகப் பெருவணிகர், அதாவது முஸ்லிம் பெருவணிகர், இருந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன். சான்று மெலிந்ததே. இரண்டு கல்வெட்டுகளில் எது முந்தியது என்பதையும் முடிவாகச் சொல்வதற்கில்லை. ஆயினும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் குதிரை வணிகச் செய்தி இதே திசையைக் காட்டுகிறது. கிஷ் தீவின் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை ஒன்று 220 பொன் தினார் விலையில் பாண்டியனுக்கு அனுப்பினார். வழியில் செத்தவற்றுக்கும் கருவூலமே பணம் கொடுத்தது. இப்படியொரு ஒப்பந்தத்துக்குத் துறைமுகத்தில் முகவர் வேண்டும், இலாயம் வேண்டும், கணக்கு வைக்கும் இடம் வேண்டும்.

அப்படியானால் கட்டடம் எங்கே? இங்கேதான் கல்லைத் தேடிப் பலரும் ஏமாறுகிறார்கள். 1340களில் இந்தக் கரைக்கு வந்த இப்னு பதூதா, ஃபத்தன் என்ற துறைமுகத்தில் தடித்த மரங்களின் மீது நின்ற பெரிய மர மண்டபத்தையும், அதற்குச் செல்லும் மேல்மூடிய மரவழியையும் கண்டார். பகைவர் வந்தால் கப்பல்களை அதோடு கட்டிவிட்டு வில்லாளிகள் மேலே ஏறிக்கொள்வார்களாம். அதே ஊரின் பள்ளிவாசல் கல்லால் ஆனது என்கிறார். ஃபத்தனைப் பெரியபட்டினமாகக் கொள்கிறார் நொபோரு கராஷிமா. 1987 அகழாய்வில் அங்கே கிடைத்த சீனப் பீங்கான்கள் அதற்கு இடம் தருகின்றன. இந்த அடையாளம் தவறானாலும் என் வாதத்துக்குக் குறையில்லை. தொழுமிடத்துக்குக் கல், துறைக்கு மரம் என்ற பிரிவினை ஒரே பயணியின் ஒரே குறிப்பில் இருக்கிறது.

உப்புக்காற்றும் கரையானும் மரத்தை விட்டுவைக்காது. பவளக்கல் சுவர் நிலைக்கும் என்பதற்குத் தனுஷ்கோடித் தேவாலயம் சாட்சி. 1964 புயலுக்குப் பின்னும் அதன் சுவர்கள் நிற்கின்றன. கீழக்கரைக் கிட்டங்கி, மரப் பண்டசாலையின் நேர் வாரிசா, டச்சுக்காரரைப் பார்த்து வந்த புதுப் பழக்கமா என்பதில் என் சாய்வு முன்னதன் பக்கம். ஆனால் 14ஆம் நூற்றாண்டுக்கும் 18ஆம் நூற்றாண்டுக்கும் நடுவே கட்டடச் சான்று இல்லாமல் அதை முடிவாகக் கொள்ள முடியாது.

தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி, தீர்த்தாண்டதானம் வரிசையில் இனி நடக்கும் எந்தக் கள ஆய்வும் கல் அடித்தளத்தைத் தேடுவதோடு நின்றுவிடக் கூடாது. மரத்தூண் நட்ட குழிகளையும் பீங்கான் ஓடுகள் குவிந்த இடங்களையும் சேர்த்துப் பதிய வேண்டும். இறால் பண்ணைகளுக்கும் மனைப்பிரிவுகளுக்கும் கரை நிலம் போய்க்கொண்டிருப்பதால், தொல்லியல் துறை அதை இப்போதே தொடங்க வேண்டும்.