தென்னாற்காட்டில் ஒரு சாவுத் தேதியைத் தேடினால்...

இந்த முறை கொஞ்சம் சாவுக்கதை. பேய் எதுவும் வராது, பயப்பட வேண்டாம். வருவதெல்லாம் பதிவேடுகள்தான்.

விஷயம் எங்கள் வீட்டில் ஆரம்பித்தது. ஆயாவோட அப்பா பேரில் இன்னும் கொஞ்சம் நிலம் இருக்கிறது. பட்டா மாற்ற வாரிசு சான்றிதழ் வேண்டும். வாரிசு சான்றிதழுக்கு அவர் இறந்துபோனதற்குச் சான்றிதழ் வேண்டும். "எப்ப ஆயா செத்தாரு?" என்று கேட்டேன். "ஆடி மாசம், வளர்பிறை தசமி. பெரிய புயல் அடிச்சதுக்கு முந்தின வருஷம்" என்றார். எந்தப் புயல்? 1952 நவம்பரில் நாகப்பட்டினம் பக்கம் கரையேறியதா, 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்ததா? அது தெரியவில்லை. திதி சுத்தமாக ஞாபகம் இருக்கிறது, வருஷம் இல்லை. படையல் போட திதி போதும், வருஷம் எதற்கு! தமிழ் வருஷப் பெயர் தெரிந்தாலும் சிக்கல்தான். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும். "தாது வருஷம்" என்றால் பஞ்சம் வந்த 1876-ஆ, 1936-ஆ என்று வேறு துப்பு வைத்துத்தான் முடிவு பண்ண வேண்டும்.

சரி, நம் ஊரில் சாவை எழுதி வைக்கும் வழக்கம் எப்போது வந்தது என்று தேட ஆரம்பித்தேன். முதலில் எழுதப்பட்டது நம்முடைய சாவு இல்லை. கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து வாங்கி செயின்ட் டேவிட் கோட்டை ஆக்கியது. கூடவே அவர்களுடைய பாதிரிகளும் வந்தார்கள். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றுக்கும் ஏடு போட்டார்கள். சென்னை மாகாணத்தின் இந்த ஏடுகளுக்கு நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். 1698 முதலான அந்த வரிசை இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. போதாததற்கு ஜே. ஜே. காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி மாகாணம் முழுக்கக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து 1905-ல் புத்தகமாகவே போட்டுவிட்டார். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன் கடலூரில் செத்த கம்பெனி குமாஸ்தாவை லண்டனில் உட்கார்ந்து கண்டுபிடித்துவிடலாம். எழுபது சொச்சம் வருஷத்துக்கு முன் இங்கே செத்த எங்கள் பாட்டனைக் கண்டுபிடிக்க நான் பட்ட பாடு இருக்கிறதே!

நம் ஜனங்களுக்கு வந்தது 1899-ஆம் வருஷத்துச் சென்னை மாகாணப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். நகராட்சிகளில் (கடலூர் 1866-லேயே நகராட்சி, சிதம்பரம் 1873-ல்) பதிவு ஓரளவு ஒழுங்காக நடந்தது. கிராமத்தில் ஏடு மணியக்காரர் என்கிற கிராம முன்சீப் கையில். தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்துக்கு வந்த பதவி அது. சாவுச் செய்தி அவர் காதுக்கு வந்து, அவருக்கும் எழுத மனசு வந்தால் பெயர் ஏறும். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைப் பதவிகளை ஒழித்த பிறகு அந்த வேலை வி.ஏ.ஓ. கைக்கு வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 1969-ஆம் வருஷத்து மத்தியச் சட்டம். 21 நாளுக்குள் சொல்ல வேண்டும். ஒரு வருஷம் தாண்டிவிட்டால் முன்பெல்லாம் மாஜிஸ்திரேட் கோர்ட் உத்தரவு வேண்டும். 2023-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு கலெக்டர், கோட்டாட்சியர் மட்டத்திலேயே உத்தரவு வாங்கலாம்.

கிராமத்து ஏடுகள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. வி.ஏ.ஓ.விடமிருந்து தாலுகா ஆபீஸ் போய், பழசானதும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும். பத்திரம் பதியும் இடத்தில் சாவுக் கணக்கும் இருக்கும் என்பது எனக்கே புதுச் செய்தி. இன்னொன்று, 1993 செப்டம்பர் வரை கடலூர் மாவட்டம் என்று ஒன்றே கிடையாது, எல்லாம் தென்னாற்காடு. பழைய காகிதத்தில் "சிதம்பரம் தாலுகா" என்று இருந்தால் அந்த ஊர் இன்று காட்டுமன்னார்கோயிலிலோ புவனகிரியிலோ இருக்கலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியமான விஷயம், சாவு பதிவாவது சொந்த ஊரில் அல்ல, உயிர் போன இடத்தில். சிதம்பரம் ஆஸ்பத்திரியில் செத்தார் என்பார்கள். அந்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருப்பது அண்ணாமலை நகரில், அது தனிப் பேரூராட்சி. சிதம்பரம் நகராட்சியில் தேடினால் கிடைக்காது. கடலூர்க்காரர்கள் ஆபத்தென்றால் ஓடுவது ஜிப்மருக்கு. அங்கே போன உயிர் புதுச்சேரி உழவர்கரை நகராட்சியின் கணக்கு.

நம் மாவட்டத்திலேயே ரொம்பப் பேசப்பட்ட மறைவுக்கும் இப்படிப்பட்ட பதிவு எதுவும் இல்லை. 1874 ஜனவரி 30 அன்று வள்ளலார் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாவு என்று சொல்வதையே அன்பர்கள் ஏற்கமாட்டார்கள், அது அவர்கள் நம்பிக்கை. 1906-ல் வந்த தென்னாற்காடு கெஜட்டியரில் பிரான்சிஸ் என்ற அதிகாரியும், அறைக்குள் போனார், பிறகு யாரும் பார்க்கவில்லை என்கிற அளவில்தான் எழுதுகிறார். செத்தார் என்று எழுத அந்த வெள்ளைக்காரருக்கே கை வரவில்லை.

பேப்பரில் வந்திருக்காதா என்று கேட்பீர்கள். வக்கீல், மிராசுதார் என்றால் வந்திருக்கும். மற்றவர்களுக்கு வாய்ச் செய்திதான். அக்கம்பக்கத்து ஊர்களுக்கு நடந்து போய்ச் சாவு சொல்வது ஒடுக்கப்பட்ட ஜாதிக்காரர்கள் மேல் கட்டாயமாகச் சுமத்தப்பட்ட வேலை. ஊரார் சாவையெல்லாம் சுமந்துகொண்டு நடந்தவர்களின் சாவை யார் போய் யாரிடம் சொன்னார்கள் என்று நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு கருமாதிப் பத்திரிகை வந்தது. என்னைக் கேட்டால் குடும்ப வரலாறு தேடுபவருக்கு இதைவிட நல்ல ஆவணம் இல்லை. இறந்த தேதி, ஊர், மகன்கள், மருமகன்கள், பேரன்கள் என்று மொத்தக் குடும்பமும் ஒரே காகிதத்தில். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்று படித்ததும் கிழித்துப் போடுகிறோம், இல்லாவிட்டால் திண்ணை எரவாணத்தில் சொருகி மழைக்குக் கொடுக்கிறோம். கல்யாணப் பத்திரிகை மட்டும் பீரோவில் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், ஊரை விட்டுப் போனவர்களுக்குத்தான் காகிதம் இருக்கிறது. 1860-லிருந்து 1911 வரை நெட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் தென்னாற்காட்டுக்காரர்களும் உண்டு. கப்பல் பட்டியலில் பெயர், அப்பா பெயர், வயசு, ஊர், தாலுகா, அங்க அடையாளம்வரை எழுதியிருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு இன்று தென்னாப்பிரிக்காவிலிருந்து தேடி வருகிறார்கள். அந்தப் பட்டியலில் அப்பா பெயர் இருக்கிறது. இங்கேயே இருந்து இங்கேயே செத்த அந்த அப்பாவுக்கு, இங்கே பெரும்பாலும் ஒரு வரிகூட இல்லை.

2004 டிசம்பர் 26-ஐ விட்டுவிட்டு இந்த ஊரில் சாவுப் பதிவு பற்றிப் பேச முடியாது. தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை, கிள்ளை எம்.ஜி.ஆர். திட்டு என்று மாவட்டத்தில் அறுநூறு பேருக்கு மேல் போனார்கள். உடல் கிடைக்காதவர்களும் இருந்தார்கள். ஏழு வருஷம் தகவல் இல்லாவிட்டால்தான் ஒருவர் இறந்ததாகக் கொள்வது என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது. சுனாமியில் காணாமல் போனவர்களுக்கு அந்தக் காத்திருப்பைத் தளர்த்த வேண்டி வந்தது. சான்றிதழ் இல்லாமல் நிவாரணம் இல்லையே.

எங்கள் பாட்டன் கதைக்கு வருகிறேன். கடைசியில் துப்பு கொடுத்தது ஒரு அடமானப் பத்திரம். 1952 சித்திரையில் ஆயாவின் அண்ணன்கள் எழுதிக் கொடுத்தது. அதில் அப்பா பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று இருந்தது. அப்படியானால் தனுஷ்கோடிப் புயல் இல்லை. கர வருஷம், 1951, ஆகஸ்ட் இரண்டாம் வாரம். அந்த வருஷத்து ஏட்டைத் தேடச் சொல்லி மனுக் கொடுத்தோம். யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டித் தேடச் சொல்லலாம், சட்டத்தில் 17-ஆவது பிரிவு.

இருந்தது! ஆனால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஊரார் கூப்பிட்ட பட்டப்பெயர். பட்டாவில் உள்ளவரும் இவரும் ஒருவரே என்று இனிமேல் தனியாகச் சான்று வாங்க வேண்டும்.

சான்றிதழை ஆயாவிடம் படித்துக் காட்டினேன். "எதுல செத்தாருன்னு போட்டிருக்காடா?" என்று கேட்டார். அப்போது அவருக்கு ஆறு வயசு. ஜுரம் என்றும் வாந்திபேதி என்றும் ஆளுக்கொன்று சொன்னார்களாம். பதிவேட்டில் இறப்புக் காரணத்துக்கு ஒரு கட்டம் உண்டு. ஆனால் வெளியே தரும் நகலில் காரணத்தைக் காட்டக்கூடாது என்று அதே 17-ஆவது பிரிவு சொல்கிறது. "போடலை ஆயா" என்றேன். காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்துக்கொண்டார்.