நகர மறந்த சுவர்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜீலண்ட் என்று ஒரு சிற்றூர். நெதர்லாந்திலிருந்து வந்தவர்கள் குடியேறிய ஊர். அங்கே 1905-ல் தொடங்கப்பட்ட ஒரு மரச்சாமான் நிறுவனத்தை, 1923-ல் டி.ஜே. டி ப்ரீ என்பவர் மாமனாரின் துணையோடு வாங்கி, அந்த மாமனாரின் பெயரையே அதற்கு வைத்தார்: ஹெர்மன் மில்லர். இன்று உலகெங்கும் அலுவலக ஊழியர்களை மூன்று பக்கமும் சூழ்ந்து நிற்கிற, துணி போர்த்திய அந்தத் தடுப்பு இந்த நிறுவனத்தில்தான் பிறந்தது. ஊழியர் தன் விருப்பப்படி நகர்த்திக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே அதை உருவாக்கினார்கள். எங்கே, எப்படி அது நகர்வதை நிறுத்தியது என்பதுதான் அதன் வரலாறு.

அது பிறப்பதற்கு முன் அலுவலகத்தில் இரண்டே வகை இடங்கள் இருந்தன. அதிகாரிக்குக் கதவு வைத்த அறை, எழுத்தருக்குக் கூடம். கூடத்திலும் புகழ்பெற்றவை உண்டு. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில், தபாலில் சோப்பு விற்ற லார்க்கின் நிறுவனத்துக்காகக் கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் லாய்ட் ரைட் கட்டிய அலுவலகம் 1906-ல் முடிந்தது. நடுவில் கூரைவரை திறந்த முற்றம். மேலிருந்து இறங்கும் வெளிச்சம். பக்கத்து ரயில் பாதையின் புகை உள்ளே வராதபடி மூடிய கட்டடம். அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் ரைட் அங்கே வைத்த இரும்பு மேசைகளில் நாற்காலி மேசையோடு பிணைக்கப்பட்டிருந்தது. எழுத்தர் தன் இருக்கையை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொள்ளவும் வழியில்லை. 1939-ல் விஸ்கான்சின் மாநிலத்தின் ரசீன் நகரில் ஜான்சன் வாக்ஸ் நிறுவனத்துக்கு அவர் கட்டிய பெருங்கூடம் இன்னும் பேரழகு. மேலே போகப் போக விரியும் தூண்களைப் பார்க்க இன்றும் ஆட்கள் போகிறார்கள். அங்கேயும் எழுத்தர்களுக்கு மூன்று கால் நாற்காலி கொடுத்தார். கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தால் கவிழ்ந்துவிடும். உட்காருபவர் எப்படி உட்கார வேண்டும் என்பதைக் கட்டியவரே முடிவு செய்த காலம் அது. வேலையைச் சிறு அசைவுகளாகப் பிரித்து அளக்கச் சொன்ன ஃப்ரெடரிக் டெய்லரின் நூல் 1911-ல் வந்திருந்தது. தொழிற்சாலைக்கு எழுதியதை அலுவலகங்களும் எடுத்துக்கொண்டன. வரிசையாக மேசைகள், ஓரத்தில் மேற்பார்வையாளர், எல்லோரும் அவர் கண்ணில்.

இந்த வரிசையை முதலில் கலைத்தவர்கள் ஜெர்மானியர்கள். ஹாம்பர்க் அருகே க்விக்போர்ன் என்ற ஊரில் ஷ்னெல்லே சகோதரர்கள் 1950-களின் இறுதியில் ஒரு யோசனையை முன்வைத்தார்கள். யாரிடமிருந்து யாருக்குக் காகிதம் போகிறது, யார் யாரோடு பேச வேண்டியிருக்கிறது என்பதைக் கவனித்து, அதன்படி மேசைகளைக் குழுக்குழுவாகப் போடுவது. நடுநடுவே செடித்தொட்டிகள், தாழ்ந்த மறைப்புகள். அதிகாரிக்கும் அறை கிடையாது. அந்த நோக்கம் மதிக்கத்தக்கது. ஆனால் சத்தத்துக்கு அவர்களிடம் விடை இல்லை. தொலைபேசியும் தட்டச்சுப் பொறியும் ஒரே கூடத்தில் முழங்கும்போது செடித்தொட்டி என்ன தடுத்துவிடும்?

ஜீலண்டில் கதை வேறு விதமாகத் தொடங்கியது. 1958-ல் ஹெர்மன் மில்லர் நிறுவனம் ராபர்ட் ப்ராப்ஸ்டை வேலைக்கு எடுத்தது. அவர் மரச்சாமான் வடிவமைத்துப் பழகியவர் அல்ல. சிற்பி, ஓவியம் கற்பித்தவர், எதைக் கண்டாலும் இதை ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று கேட்கிற கண்டுபிடிப்பாளர். ஆன் ஆர்பர் நகரில் அவருக்கென ஓர் ஆய்வுப் பிரிவு அமைத்துக் கொடுத்தார்கள். அங்கிருந்து அவர் அலுவலகங்களைக் கவனிக்கத் தொடங்கினார். இழுப்பறைக்குள் போன காகிதம் நினைவிலிருந்தும் போய்விடுகிறது. நாள் முழுக்க ஒரே நாற்காலியில் இருப்பது உடம்பைக் கெடுக்கிறது. வேலை மாறிக்கொண்டே இருக்கிறது, அறை மட்டும் மாறுவதில்லை. மேசையின் அளவைத் தீர்மானிப்பது அதில் நடக்கும் வேலை அல்ல, உட்காருபவரின் பதவி. 1960-களின் தொடக்கத்திலேயே இதையெல்லாம் ஒருவர் யோசித்திருக்கிறார் என்பது எனக்கு இன்றும் வியப்புத் தருகிறது.

அந்த யோசனைகளுக்கு முதல் உருவம் கொடுத்தவர் ஜார்ஜ் நெல்சன் என்ற வடிவமைப்பாளர். 1964-ல் வந்த அதன் பெயர் ஆக்‌ஷன் ஆபீஸ். நின்றுகொண்டே எழுதும் உயரத்தில் ஒரு மேசை. வேலை பாதியில் இருக்கும்போது அப்படியே மூடிவிட்டுப் போக மேலே ஒரு சுருள் மூடி. மறுநாள் திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தொலைபேசிக்குத் தனி மறைவிடம். பளபளக்கும் அலுமினியக் கால்கள். பார்த்தவர்கள் பாராட்டினார்கள், நெல்சனுக்கு விருதும் கிடைத்தது. பெரிய நிறுவனங்கள் மட்டும் வாங்கவில்லை. விலை அதிகம், பூட்டிப் பொருத்துவதும் சிரமம்.

ப்ராப்ஸ்ட் மறுபடி உட்கார்ந்தார். இந்த முறை நெல்சன் இல்லாமல். 1968-ல் வந்த இரண்டாம் ஆக்‌ஷன் ஆபீஸில்தான் நம் தடுப்பு அறிமுகமாகிறது. லேசான சட்டம், இரண்டு பக்கமும் முகம், விளிம்பில் வரிசையாகத் துளைகள். அந்தத் துளைகளில் மேசைப் பலகையை மாட்டலாம், அலமாரியைத் தொங்கவிடலாம். உயரம் போதவில்லையென்றால் கழற்றி ஒரு துளை மேலே மாட்டலாம். காகிதங்களைக் கண்முன்னே குத்தி வைக்கலாம். கொத்தனார் வேண்டாம், தச்சர் வேண்டாம். ப்ராப்ஸ்டின் வரைபடங்களில் தடுப்புகள் 120 பாகைக் கோணத்தில் விரிந்து நிற்கின்றன. உள்ளே இருப்பவர் அடைபடாமல், முதுகுக்கு ஒரு மறைவு, முகத்துக்கு ஒரு திறப்பு. அதே ஆண்டு அவர் எழுதி வெளியிட்ட சிறு நூலின் மையக் கருத்தும் அலுவலகம் மாற்றத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்பதுதான்.

இதற்கு ஓராண்டு முன்பே, 1967-ல், பிரெஞ்சு இயக்குநர் ஜாக் தாத்தியின் 'ப்ளேடைம்' படத்தில் ஒரு காட்சி வந்துவிட்டது. மேலேயிருந்து பார்க்கிறார் நாயகன். கீழே கூடம் முழுக்கச் சதுரச் சதுரமான பெட்டிகள், பெட்டிக்கு ஓர் ஆள். ப்ராப்ஸ்டின் தடுப்புக்கு வரப்போகும் கதியைக் கலைஞன் ஒருவன் முன்கூட்டியே கண்டுகொண்டான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தடுப்பு நன்றாக விற்றது. வாங்கியவர்கள் அதில் கண்ட நன்மை வேறு. 120 பாகையில் விரித்தால் இடம் பிடிக்கும். 90 பாகையில் மடக்கினால் அதே தளத்தில் இன்னும் பலரை உட்கார வைக்கலாம். நகரத்தில் வாடகை ஏறிக்கொண்டிருந்தது. வரிக் கணக்கும் கைகொடுத்தது. அமெரிக்க விதிகளின்படி கட்டடச் சுவரின் செலவைத் தேய்மானமாகக் கழிக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். தடுப்போ மேசை நாற்காலிக் கணக்கில் வருவது, சில ஆண்டுகளிலேயே கழித்துவிடலாம். இன்றைய பொது விதியில் கட்டடத்துக்கு 39 ஆண்டு, மேசை நாற்காலிக்கு 7 ஆண்டு. ஆக, ஊழியரின் வசதிக்காகப் பிறந்த பொருளைக் கணக்குப் பிரிவு தத்தெடுத்துக்கொண்டது.

ஜீலண்டைச் சுற்றியிருந்த போட்டி நிறுவனங்களும் களத்தில் இறங்கின. கிராண்ட் ராப்பிட்ஸில் ஸ்டீல்கேஸ், ஹாலண்ட் நகரில் ஹாவர்த். 1970-களின் நடுவில் ஹாவர்த் மின்கம்பியைத் தடுப்புக்குள்ளேயே ஓடவிட்டது. தரையெல்லாம் கம்பி இழுக்க வேண்டியதில்லை என்பதால் அது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் தடுப்பு நகர மறந்ததில் இந்தக் கம்பிக்கும் பங்குண்டு என்பது என் கருத்து. மின்சாரமும், பிறகு கணினி வலைக்கம்பியும் உள்ளே ஓடும் தடுப்பை, அங்கே உட்கார்ந்திருப்பவர் கை வைத்து நகர்த்த முடியாது. எலக்ட்ரீஷியன் வர வேண்டும், நிர்வாகப் பிரிவின் அனுமதி வேண்டும். நகரும் சுவர் அத்தோடு சுவராகவே ஆனது.

அபாயத்தை முதலில் சொன்னவர் ஜார்ஜ் நெல்சன். 1970-ல் ஹெர்மன் மில்லர் நிர்வாகிக்கு அவர் எழுதிய கடிதத்தில், இந்த அமைப்பு மனிதர்களைத் தனித்தனி மனிதர்களாகப் பார்க்கவில்லை, கிடைத்த இடத்தில் முடிந்த அளவு ஆட்களை அடைக்க விரும்பும் திட்டமிடுபவர்களுக்கே இது பொருத்தம் என்று கடுமையாகவே எழுதினார். ஓரங்கட்டப்பட்டவரின் கோபம் என்று அதை ஒதுக்கிவிட முடியாது. அடுத்த 20 ஆண்டுகள் அவர் சொன்னதைத்தான் மெய்ப்பித்தன.

1980-களில் அமெரிக்க நிறுவனங்கள் ஒன்றையொன்று வாங்கின, ஆட்களைக் குறைத்தன. அறை வைத்திருந்த இடைநிலை அதிகாரிகள் பலர், தடுப்புகள் சூழ்ந்த பெட்டியான கியூபிகிளுக்கு வந்தார்கள். 1989-ல் தொடங்கிய 'டில்பர்ட்' சித்திரத் தொடரிலும், 1999-ல் வந்த 'ஆபீஸ் ஸ்பேஸ்' படத்திலும் கியூபிகிள் மனச்சோர்வின் சின்னமாகவே ஆகிவிட்டது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இன்டெல் நிறுவனத்தின் தலைவர் ஆண்டி க்ரோவ் மற்றவர்களைப் போலவே கியூபிகிளில் உட்கார்ந்தார். அங்கே அது சமத்துவத்தின் அடையாளம். தலைவர் விரும்பி உட்காரும் கியூபிகிள் வேறு, உட்கார வைக்கப்பட்டவரின் கியூபிகிள் வேறு.

கணினி நிரல் எழுதுவோருக்கு எது நல்லது என்பதை ஒரு நிறுவனம் ஒழுங்காகக் கேட்டுப் பார்த்தது. ஐ.பி.எம். தன் சாண்டா தெரசா ஆய்வகத்தைக் கலிபோர்னியாவில் கட்டும்போது, நிரலாளர்கள் வேலை செய்வதை முதலில் கவனித்து ஒரு கணக்குக்கு வந்தது: ஆளுக்கு 100 சதுர அடி இடம், 30 சதுர அடி மேசைப் பரப்பு, சத்தம் வராத அறை அல்லது குறைந்தது 6 அடி உயரத் தடுப்பு. பிறகு டாம் டிமார்கோவும் திமோத்தி லிஸ்டரும் பல நிறுவனங்களின் நிரலாளர்களுக்குப் போட்டி வைத்து, 1987-ல் நூலாக எழுதினார்கள். முன்னணியில் வந்தவர்கள், பின்தங்கியவர்களைவிட அதிக இடமும் அதிக அமைதியும் கிடைத்த அலுவலகங்களைச் சேர்ந்தவர்கள். திறமைசாலிகள் நல்ல அலுவலகத்தைத் தேடிப் போனார்களா, நல்ல அலுவலகம் திறமையை வளர்த்ததா என்று கேட்கலாம். எப்படியானாலும் அமைதிக்கு விலை உண்டு என்பது தெளிவாகத் தெரிந்தது. அந்த விலையைக் கொடுக்கத்தான் ஆளில்லை.

அடுத்து வந்தவர்கள் தடுப்பையே எடுத்துவிட்டார்கள். விளம்பர நிறுவனம் நடத்திய ஜெய் சியாட் 1990-களின் நடுவில் தன் லாஸ் ஏஞ்சலிஸ் அலுவலகத்தில் யாருக்கும் நிரந்தர மேசை கிடையாது என்றார். காலையில் மடிக்கணினியும் தொலைபேசியும் வாங்கிக்கொண்டு கிடைத்த இடத்தில் உட்கார வேண்டும். சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. ஆனால் அந்த எண்ணம் சாகவில்லை. 2015-ல் ஃபேஸ்புக் நிறுவனம் மென்லோ பார்க்கில் ஃப்ராங்க் கெரியைக் கொண்டு கட்டிய கட்டடத்தில் சுமார் 2,800 பேருக்கு ஒரே கூடம். சுவரை எடுத்தால் பேச்சு வளரும் என்பது இதன் நம்பிக்கை. 2018-ல் ஹார்வர்டைச் சேர்ந்த ஈத்தன் பெர்ன்ஸ்டைனும் ஸ்டீபன் டர்பனும் அதை அளந்தே பார்த்தார்கள். திறந்தவெளிக்கு மாறிய இரண்டு பெரிய நிறுவனங்களின் ஊழியர்களுக்கு, யாரோடு நேரில் பேசுகிறார்கள் என்று பதிவு செய்யும் கருவியைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். நேரில் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்தது. மின்னஞ்சல் கூடியது. எல்லோர் கண்ணும் தன் மேல் இருக்கும்போது மனிதர்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரைக்குள் போய்விடுகிறார்கள்.

இந்தத் தடுப்பு சென்னைக்கும் வந்தது. 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்த பிறகு, பழைய மகாபலிபுரம் சாலை நெடுக எழுந்த மென்பொருள் நிறுவனங்கள் அமெரிக்க அலுவலகத்தின் அமைப்பையும் சேர்த்தே கொண்டுவந்தன. மேலாளருக்குக் கேபின், மற்றவர்களுக்கு கியூபிகிள். நாலைந்து கியூபிகிள் சேர்ந்தால் ஒரு பே. வருடத்தில் சில நாட்கள் அந்தத் தடுப்புகளுக்கு உயிர் வரும். ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் பே அலங்காரப் போட்டி வைப்பார்கள். துணித் தடுப்பில் மாவிலைத் தோரணம் ஏறும், கணினிக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள், அட்டையில் குடிசையும் ஏர்க்கலப்பையும் செய்வார்கள், தடுப்பின் மேல் கரும்பு சாய்ந்து நிற்கும். அங்கே வேலை செய்பவர்களே தடுப்பைத் தொட்டு, மாற்றி, தங்களுடையதாக்கிக்கொள்ளும் நாள் அது. ப்ராப்ஸ்ட் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். பிறகு பல நிறுவனங்களில் தடுப்பு தோளுயரத்திலிருந்து மேசை மட்டத்துக்கு இறங்கி, நீண்ட பலகையில் வரிசையாகத் திரைகள் மட்டும் நின்றன. சொந்த மேசையும் போய், வரும் நாளுக்கு மட்டும் சீட் பதிவு செய்யும் வழக்கமும் வந்தது. மகள் வரைந்த படத்தைக் குத்தி வைக்க ஒரு கை அகலத் துணிகூட இல்லாமல் போனது.

ப்ராப்ஸ்ட் 2000-ல் இறந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, தன் கண்டுபிடிப்பை நிறுவனங்கள் பயன்படுத்திய விதம் பைத்தியக்காரத்தனம் என்று அவரே மனம் நொந்து சொல்லியிருந்தார். 2020-ல் பெருந்தொற்று வந்தபோது, தடுப்பை எடுத்த அலுவலகங்கள் பல, கண்ணாடி போன்ற அக்ரிலிக் பலகைகளை மேசைகளுக்கு நடுவே நட்டன.

கேபின், கியூபிகிள், திறந்த கூடம் மூன்றில் எது சிறந்தது என்ற வாதத்துக்கு, எழுதுவதும் யோசிப்பதும் வேலையாக உள்ளவர்களைப் பொறுத்தவரை, என் பதில் கதவு வைத்த அறைதான். அது எல்லோருக்கும் கிடைக்காது என்பதும் தெரியும். எனவே புதுத் தளம் அமைக்கப்போகிற நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். எத்தனை சீட் அடங்கும் என்று வரைவதற்கு முன், அங்கே உட்காரப்போகிறவர்களை அழைத்து, தடுப்பு எவ்வளவு உயரம் வேண்டும், எந்தப் பக்கம் திரும்பி உட்கார வேண்டும் என்று கேளுங்கள். பதவி பார்க்காமல் யாரும் போய் உட்காரக்கூடிய, கதவுள்ள சில அறைகளை ஒதுக்குங்கள். ஆறு மாதம் கழித்து அவர்கள் மாற்றச் சொன்னால் மாற்றிக் கொடுங்கள். 1968-லேயே ப்ராப்ஸ்ட் அதற்கான துளைகளை வைத்துவிட்டார்.