சேரன்மாதேவி குருகுலப் பந்தியும் திருவிதாங்கூர் ஊட்டுப்புரையும்: கல்வி நிலைய உணவின் சமூக விலை

முன்னுரை

கல்வி நிலைய உணவுக்கூடத்தின் தரம் பெரும்பாலும் அரிசி, பருப்பு, காய்கறி ஆகியவற்றைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. உணவு யாருக்கு, எங்கே, யாருடன் பரிமாறப்படுகிறது என்பதும் அத்தரத்தின் கூறாகும். இக்கூறு புறக்கணிக்கப்பட்டால் எழும் இழப்பினை, நாஞ்சில் நாட்டின் ஊட்டுப்புரை மரபையும் அதன் அண்டையிலிருந்த சேரன்மாதேவி குருகுலத்தையும் ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

ஊட்டுப்புரை மரபு

இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதி 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்துடன் இணைந்தது. அதற்குமுன் திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்தபோது, பிராமணர்க்கு இலவச உணவளிக்கும் ஊட்டுப்புரைகள் அரசுச் செலவில் நடத்தப்பட்டன. நெல் விளைந்த நாஞ்சில் நாட்டின் உழுகுடிகள் வரி செலுத்தினர். அப்பந்தியில் அவர்களுக்கு இடமில்லை. பொதுப்பணம் ஒரு பிரிவினரின் இலைக்கு மட்டும் சென்றது.

குருகுலச் சிக்கல்

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால், திருநெல்வேலி மாவட்டத்தில், வ.வே.சு. ஐயர் 1922இல் தமிழ்க் குருகுலத்தைத் தொடங்கினார். தேசியக் கல்வியை நோக்கமாகக் கொண்ட இதற்குத் தமிழ்நாடு காங்கிரஸ் ரூ.10,000 வழங்க இசைந்து, முதலில் ரூ.5,000 அளித்தது. பெற்றோரின் வேண்டுகோளுக்கு இணங்கிப் பிராமண மாணவர் இருவருக்குத் தனியே உணவளிக்கப்பட்டது. உணவு வகையிலும் வேறுபாடு இருந்தது என்பது சுயமரியாதை இயக்கத்தாரின் கூற்று. அவ்வேறுபாடு இல்லையெனக் கொண்டாலும் சிக்கல் தீர்வதில்லை. தனிப்பந்தியே பிறமாணவரைத் தாழ்த்துவதற்குப் போதுமானதாயிற்று.

பெ. வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமியும் இதனை எதிர்த்தனர். ஏற்கெனவே அளித்த வாக்கைக் காத்து, இனிச் சேர்வோர் அனைவரும் ஒரே பந்தியில் உண்ண வேண்டும் என்னும் சமரசத்தைக் காந்தியடிகள் முன்வைத்தார். அது சினத்தைத் தணிக்கவில்லை. ஐயரின் தரப்பில் நின்றது தனிமனித வாக்குறுதி. எதிர்த்தரப்பில் நின்றது பொதுப்பணத்தின் மீதான உரிமை. ஊட்டுப்புரையின் வினாவே இங்கு மீண்டும் எழுந்தது. ஆனால் இம்முறை அது மன்னராட்சியை நோக்கியதன்று. சமத்துவத்தைப் பேசிய தேசிய இயக்கத்தை நோக்கியது.

விளைவுகள்

பிறப்பின் அடிப்படையில் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்னும் எஸ். இராமநாதனின் தீர்மானத்தைக் காங்கிரஸ் குழு 1925 ஏப்ரலில் ஏற்றது. இராஜாஜி உள்ளிட்டோர் குழுவிலிருந்து விலகினர். குருகுலப் பொறுப்பிலிருந்து விலகிய ஐயர், ஜூனில் பாபநாசம் அருவியில் மகளைக் காக்க முயன்று உயிரிழந்தார். நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் அனுமதிக்கப்படாததால் ஈ.வெ.ரா. காங்கிரஸை விட்டு வெளியேறினார். குருகுலப் பந்தி இம்முறிவுக்குத் தனிக்காரணமன்று. வைக்கம் போராட்டமும் வகுப்புரிமைக் கோரிக்கையும் உடனிருந்தன. எனினும் கொள்கை வேறுபாட்டை அன்றாட அனுபவமாக உணர்த்தியது பந்தியே.

நாஞ்சில் நாட்டிலும் இதே உரிமை வினா கோயில் தெருக்களில் எழுந்தது. 1926இல் நாகர்கோவில் மருத்துவர் எம்பெருமாள் நாயுடுவின் முன்முயற்சியில் சுசீந்திரம் சத்தியாக்கிரகம் நடைபெற்றது. 1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூர்க் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியாயிற்று.

முடிவுரை

இருவரின் தனியுணவால் குருகுலம் மிச்சப்படுத்தியது இரு பெற்றோரின் மனக்குறையை மட்டுமே. இழந்ததோ நன்கொடையாளரின் நம்பிக்கையையும் தன் எதிர்காலத்தையும். கன்னியாகுமரி இணைந்த 1956ஆம் ஆண்டிலேயே காமராசர் ஆட்சியின் மதிய உணவுத் திட்டமும் தொடங்கியது. பள்ளியில் எல்லாக் குழந்தைகளும் சேர்ந்தமர்ந்து உண்பது அதன் அடிப்படையாயிற்று. எனவே விடுதி உணவின் தரத்தை ஆய்வோர், பண்டங்களின் அளவோடு பந்தியின் அமைப்பையும் சான்றாகக் கொள்ளுதல் இன்றியமையாதது.