யாகிமோவ்: ஒரு பள்ளத்தாக்கின் பெயர்

செக் நாட்டின் வடமேற்கே, செருமனியின் எல்லையை ஒட்டிய மலைத்தொடரில் அமைந்த சிற்றூர் யாகிமோவ். வெள்ளிச் சுரங்கத்தால் 1516இல் தோன்றிய இவ்வூரைச் செருமானியர் ‘யோவாகிம்ஸ்தால்’ என்றனர். ‘தால்’ என்பது அம்மொழியில் பள்ளத்தாக்கு. இங்கு அடிக்கப்பட்ட வெள்ளி நாணயம் ‘தாலர்’ எனப் பெயர் பெற்றது. ‘டாலர்’ அதன் வழிவந்த சொல்லே.

வெள்ளி குன்றியபின், இம்மண்ணின் யுரேனியக் கனிமத்தை ஆராய்ந்தே 1898இல் கியூரி இணையர் ரேடியத்தைக் கண்டறிந்தனர். 1945க்குப் பின் இங்கிருந்த செருமானியருள் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டனர். 1949 முதல் 1961 வரை அரசியல் கைதிகள் முகாம்களில் அடைக்கப்பட்டு, யுரேனியம் தோண்ட வைக்கப்பட்டனர்.

இப்பள்ளத்தாக்கின் பெயரை உலகம் நாள்தோறும் பணமாக எண்ணுகிறது. அதன் இருட்டில் உழைத்து நலிந்தோரை எண்ணுவார் சிலரே. சொல்லின் வேரை நாடுவோர்க்கு அவர்களை நினைக்கும் கடமையும் உண்டு.