64 எம்பி ராமும் தமிழ் எழுத்தும்

பழைய டெஸ்க்டாப்பைத் திறந்து பிராசசரை மாற்றுவதும் ராம் கூட்டுவதும் இன்றைக்கு யூடியூபில் பொழுதுபோக்கு. 1998-லிருந்து 2005 வரைக்கும் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் அது பிழைப்பு. ஒரு டிடிபி கடை, ஒரு பிரவுசிங் சென்டர், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டாக இருந்து கம்ப்யூட்டர் சென்டராக மாறிய மாடி அறை, பையன் காலேஜ் சேர்ந்தான் என்று பி.எஃப். லோன் போட்டு ஒரு செட் வாங்கிய தொழிற்சாலைக் குடும்பம். இவர்கள் யாரும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப் பெட்டி வாங்குகிறவர்கள் இல்லை. இருக்கிற பெட்டியில் எதை மாற்றினால் இன்னும் மூணு வருஷம் ஓடும் என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. துறைமுகம், பர்மா, ஜப்பானில் ஒரு வெடிவிபத்து, யூனிகோடு, எண்ணூர்க் காற்று எல்லாம் அதில் வந்து சேருகின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் சாமான் எப்படி வந்தது என்பது. 1962-ல் பர்மாவில் நே வின் ராணுவ ஆட்சி வந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகள், வியாபாரங்கள் அரசுடைமை ஆகின. லட்சக்கணக்கான இந்தியர்கள், அதில் பெரும்பங்கு தமிழர்கள், கையில் இருந்ததை விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். சென்னைக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குப் பிழைப்பாக அமைந்ததுதான் 1969-ல் ராஜாஜி சாலை ஓரம், பீச் ஸ்டேஷன் பக்கத்தில் உருவான பர்மா பஜார். வரிசையாகச் சின்னச் சின்னக் கடைகள். துறைமுகம் கூப்பிடு தூரம். ஃபாரின் சாமான் வேண்டுமென்றால் அங்கேதான் என்று ஊருக்கே தெரியும். டூ-இன்-ஒன், கால்குலேட்டர், வி.சி.ஆர். என்று வளர்ந்து, பிறகு சி.டி., டி.வி.டி. வரைக்கும் வந்தது.

சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் போய் வந்துகொண்டே பெட்டியில் சாமான் கொண்டுவருகிறவர்களுக்கு 'குருவி' என்று பெயர். சினிமா பார்த்தவர்களுக்கும் தெரிந்த வார்த்தை. குருவிக்கு ஏற்ற சரக்கு எது? எடை குறைவாக, விலை அதிகமாக, கையில் அடங்குகிற மாதிரி இருக்கவேண்டும். வி.சி.ஆரை விட ராம் கட்டை எவ்வளவு வசதி என்று நான் சொல்லவேண்டியதில்லை. சட்டைப் பையில் நாலு போடலாம்.

இந்தப் பொருளாதாரத்தை உடைத்தது போலீஸ் அல்ல, வரி. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு கொண்டுவந்த கம்ப்யூட்டர் கொள்கை உதிரிப் பாகங்களின் இறக்குமதியைக் கொஞ்சம் தளர்த்தியது. 1991 தாராளமயம் இன்னும் திறந்துவிட்டது. 1996 டிசம்பரில், அதுவும் சிங்கப்பூரிலேயே, உலக வர்த்தக அமைப்பு மாநாட்டில் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தம் வந்தது. இந்தியா 1997-ல் சேர்ந்தது. படிப்படியாக 2005-க்குள் கம்ப்யூட்டர் பாகங்களின் சுங்க வரி பூஜ்யத்துக்கு வந்தது. வரியே இல்லாத பொருளைக் குருவி எதற்குத் தூக்கிவர வேண்டும்? வியாபாரத்தின் எடை மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குச் சாய்ந்தது. ரேடியோ பாகம் விற்ற தெரு கம்ப்யூட்டர் தெரு ஆனது. வடசென்னைக்காரர்களுக்கு அதில் ஒரு சௌகரியமும் கிடைத்தது. 1995-ல் பறக்கும் ரயில் பீச்சிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கியது. ராயபுரத்தில் ஏறி பீச்சில் மாறினால், கோட்டை, பார்க் டவுன் தாண்டி சிந்தாதிரிப்பேட்டை. அங்கேயிருந்து நடைதான்.

இனி பெட்டிக்குள். பிராசசர் என்பது வேலை செய்கிற ஆள் என்றால், ராம் என்பது அவன் முன்னால் இருக்கிற மேஜை. மேஜை சின்னதாக இருந்தால், ஒவ்வொரு காகிதத்துக்கும் எழுந்து பீரோவுக்குப் போகவேண்டும். அந்த பீரோ ஹார்டு டிஸ்க். ராம் போதாமல் போகும்போது விண்டோஸ் ஹார்டு டிஸ்கையே ராம் மாதிரி பயன்படுத்தும். அப்போது கேட்கிற 'கரகர' சத்தம் அந்தக் காலத்து ஆட்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஆள் எவ்வளவு சூட்டிகையானவனாக இருந்தாலும் எழுந்து எழுந்து நடந்தால் வேலை ஓடாது. அதனால்தான், 'பிராசசர் மாத்தணுமா, ராம் போடணுமா' என்று கேட்டவர்களுக்கு விவரம் தெரிந்த மெக்கானிக் 'ராம் போடுங்க சார்' என்றார். லாபம் அதிகம் வருவது மதர்போர்டோடு சேர்த்து பிராசசர் மாற்றுவதில்தான். அதனால் எல்லோரும் அப்படிச் சொல்லவில்லை.

ஆனால் ராம் விலை யார் கையிலும் இல்லை. 1993 ஜூலை 4 அன்று ஜப்பானின் நீஹாமாவில் சுமிட்டோமோ கெமிக்கல் ஆலையில் வெடிவிபத்து. சிப்புக்கு மேலே மூடுகிற கறுப்புப் பூச்சுக்கான எபாக்ஸி பிசினில் உலகத் தேவையின் பாதிக்கும் மேல் அந்த ஒரே ஆலையிலிருந்து போய்க்கொண்டிருந்தது. ராம் விலை உலகம் முழுக்க எகிறியது. 1999 செப்டம்பர் 21-ல் தைவானில் நிலநடுக்கம். மறுபடி விலை ஏறியது. மணலியிலும் எண்ணூரிலும் ரசாயன ஆலைகளுக்கு நடுவே வாழ்கிறவர்களுக்கு, எங்கேயோ ஒரு பிசின் ஆலை வெடித்தால் தெருக்கோடி டிடிபி கடையில் விலை மாறும் என்பது அவ்வளவு புதிரான விஷயம் இல்லை.

விலை போகட்டும், பொருந்தவேண்டுமே. 72 பின் சிம் என்று ஒரு வகை. அதில் ஒரு கட்டை ஒரே நேரத்தில் 32 பிட் தரும். பென்டியத்துக்கு வேண்டியது 64 பிட். ஆகவே ஜோடியாகத்தான் போடமுடியும். ஒரு 16 எம்பி வாங்கி வந்து தனியாகச் செருகினால் திரை கறுப்பு. 168 பின் டிம் வந்த பிறகுதான் ஒற்றைக் கட்டை போதும் என்றானது.

அதைவிட விஷமமான பொறி ஒன்று இருந்தது. 1997-ல் இன்டெல் விட்ட 430டிஎக்ஸ் சிப்செட் போர்டுகள் பென்டியம் எம்எம்எக்ஸ் செட்களில் நிறைய இருந்தன. அந்த சிப்செட் 256 எம்பி ராம் வரைக்கும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் கேஷ் வேலை செய்வது முதல் 64 எம்பிக்கு மட்டும். விண்டோஸோ நினைவகத்தை மேலிருந்து கீழாகப் பயன்படுத்தும் பழக்கமுள்ளது. 128 எம்பி போட்டால், விண்டோஸ் போய் உட்காருவதே கேஷ் இல்லாத மேல் பாதியில். காசு கொடுத்து ராம் கூட்டியும் சில வேலைகளில் மெஷின் முன்னைவிட மெதுவாக ஓடியது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று எத்தனை சண்டைகள் இதனால் நடந்திருக்கும்! பல இடங்களில் கடைக்காரருக்கே காரணம் தெரிந்திருக்காது.

பிராசசர் பக்கமும் இதே கதை. 1998 ஆகஸ்டில் வந்த செலரான் 300ஏ ஒரு நல்ல பொருள். அதற்கு முந்தைய செலரானில் இரண்டாம் நிலை கேஷே கிடையாது; இதில் சிப்பிலேயே 128 கேபி. பிறகு சாக்கெட் 370. அதே சாக்கெட்டில் பின்னால் காப்பர்மைன் பென்டியம் 3 வந்தது. பார்வைக்கு ஓட்டை எல்லாம் ஒன்றுதான், பிராசசர் அழகாக உட்காரும். ஆனால் பின் இணைப்பும் வோல்டேஜும் வேறு. பழைய போர்டில் போட்டால் எழுந்திருக்காது. குறைந்த வேக பிராசசரின் மேலெழுத்தைச் சுரண்டி, அதிக வேகம் என்று அச்சடித்து விற்கிற திருட்டும் அப்போது உலகம் முழுக்க இருந்தது. இன்டெல் பெருக்கியைப் பூட்டியதற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்த யோசனை ஒன்றும் புதிதில்லை என்பதைச் சொல்லவேண்டும். 1955-லிருந்து திருவொற்றியூரில் என்ஃபீல்டு ஓடியது. எண்ணூரில் அசோக் லேலண்ட். லேலண்ட் இன்ஜின் லாரியிலும் இருக்கும், காசிமேட்டு விசைப்படகிலும் இருக்கும். இன்ஜினைக் கழற்றி போர் பண்ணி, பிஸ்டன் மாற்றி, அதே பாடியில் ஏற்றுவது தினசரி வேலை. பெட்டியைத் திறக்கப் பயம் இல்லாத ஊர் இது. 'அப்கிரேட்' என்ற வார்த்தைதான் புதுசு.

சரி, இவ்வளவு சிரமப்பட்டு எதற்கு ராம்? கேம்ஸ், போட்டோஷாப் எல்லாம் இருந்தது. நான் சொல்ல வருவது தமிழ்.

2000 வாக்கில் தமிழ் இணையதளம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எழுத்துரு இறக்கவேண்டும். டிஸ்கி, டாம், டாப் என்று குறியாக்கங்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகும் குழப்பம் முழுசாகத் தீரவில்லை. இவையெல்லாம் அடிப்படையில் ஒரு ஏமாற்று வேலை: கம்ப்யூட்டர் ஏதோ ஐரோப்பிய எழுத்து என்று நினைத்துக்கொண்டிருக்கும், எழுத்துரு அந்த இடத்தில் தமிழ் வடிவத்தைக் காட்டும். 32 எம்பி ராமில் விண்டோஸ் 98-ல் ஜம்மென்று ஓடும்.

யூனிகோடு வேறு வழி. 'கொ' என்று எழுதினால் 'க', அதன் பின் ஒகரக் குறி என்றுதான் சேமிக்கும். திரையில் காட்டும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது இயங்குதளத்தின் வேலை. விண்டோஸில் அதைச் செய்தது யூனிஸ்கிரைப் என்ற பகுதி. தமிழுக்கான அந்த ஆதரவு, லதா எழுத்துருவோடு, இயங்குதளம் முழுமைக்குமாக விண்டோஸ் 2000-ல் வந்தது. பிறகு 2001-ல் எக்ஸ்பி. 98-ல் புது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் போட்டால் பிரவுசருக்குள் ஓரளவு தமிழ் தெரியும். ஆனால் நோட்பேடில் தட்டமுடியாது, கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்கமுடியாது.

எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு: பிராசசர் குறைந்தது 233 மெகாஹெர்ட்ஸ், 300 இருந்தால் நல்லது, ராம் குறைந்தது 64 எம்பி, 128 இருந்தால் நல்லது. இப்போது 1998-99-ல் வாங்கிய அசெம்பிள்டு செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். செலரான் 300 அல்லது 333, ராம் 32 எம்பி. பிராசசர் பாஸ், ராம் ஃபெயில். கதவை அடைத்து நின்றது ஒரே ஒரு கட்டை. இன்டெல் 810 போர்டு என்றால் படம் காட்டுவதற்கும் இருக்கிற ராமிலிருந்தே ஒரு பங்கைத் தின்றுவிடும். அதற்கு இன்னும் கொஞ்சம் கூடவே வேண்டும்.

2003-ல் தமிழ் வலைப்பதிவுகள் தலையெடுத்தன, தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் குறியாக்கம், விசைப்பலகை, இ-கலப்பை, முரசு அஞ்சல் என்று எழுதுவார்கள்; நியாயம்தான். ஆனால் ஒரு தெருவில் யார் அந்தத் தமிழைப் படிக்கமுடிந்தது என்பதை ராம் கட்டையும் தீர்மானித்தது. அது இல்லாதவன் பெட்டியில் தமிழ் கட்டம் கட்டமாகவோ, கொம்பு இடம் மாறியோ தெரிந்தது. கட்டை போட்டு, எக்ஸ்பி ஏற்றி, ரீஜனல் ஆப்ஷன்ஸில் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்ற இடத்தில் டிக் அடித்து, சி.டி.யை மறுபடி உள்ளே போட்டு, ரீஸ்டார்ட் ஆகி முதல்முதலாக நோட்பேடில் 'அம்மா' என்று அடித்துப் பார்த்தவர்களுக்கு அந்தச் செலவு வீண் என்று தோன்றியிருக்காது.

எண்ணூர்க் காற்றுக்கு வருகிறேன். கடலோரத்து உப்பு, அனல் மின் நிலையச் சாம்பல், மணலி சுத்திகரிப்பாலைப் பக்கத்துக் கந்தகம். பெட்டிக்குள் இருக்கிற ஃபேன் இதையெல்லாம் இழுத்து உள்ளே வைத்துக்கொள்ளும். ராம் கட்டையின் தங்க முலாம் விளிம்பில் படலம் படிந்து மெஷின் 'பீப் பீப்' என்று கத்தும். வைத்தியம் பென்சில் ரப்பர். கட்டையைக் கழற்றி, விளிம்பை நாலு தேய் தேய்த்து, ஊதி, அழுத்திச் செருகினால் பெரும்பாலும் எழுந்துவிடும். அதிகம் தேய்த்தால் முலாம் போய்விடும், அது வேறு. 2006 ஜூலையில் ஐரோப்பா ஈயத்துக்குத் தடை போட்ட பிறகு பல போர்டுகளில் ஈயப் பூச்சுக்குப் பதில் வெள்ளிப் பூச்சு வந்தது. கந்தகக் காற்றில் வெள்ளியும் செம்பும் சீக்கிரம் அரிக்கும். சுத்தமான ஊரில் பத்து வருஷம் வரும் போர்டு இங்கே வராது. சட்டம் போட்டவர்கள் மனதில் எண்ணூர் இருந்திருக்காது.

கழற்றிய பாகம் எங்கே போனது? கொஞ்ச காலம் எங்கேயும் போகவில்லை. 'எக்ஸ்சேஞ்ச்' என்று கடையில் கொடுத்து மீதிப் பணம் கட்டினால், ஒருவரின் பழைய 64 எம்பி இன்னொருவரின் அப்கிரேட் ஆனது. கடைசியில் காயலான் கடை. மின்கழிவுக்கென்று தனி விதிகள் 2011-ல் அறிவிக்கப்பட்டு 2012 மே 1-ல்தான் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்தைய இருபது வருஷத்துச் சரக்கு அந்த விதிகளைப் பார்க்காமலே உருகிவிட்டது. செம்புக்காகக் கேபிள் எரிகிற புகையும் நாம் சுவாசிக்கிற காற்றில்தான் சேர்ந்தது.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றது. விண்டோஸ் 11 இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முந்தையதை ஏற்பதில்லை. இந்தத் தடவை ராம் போட்டுத் தப்பிக்க முடியாது. கதவை அடைப்பது பிராசசரின் வயது. நான்காம் தலைமுறை ஐ3 செட் வைத்திருப்பவர்கள் கேட்டால் நான் சொல்வது: அதே சாக்கெட்டில் பழைய ஐ5 கிடைத்தால் மாற்றுங்கள், 8 ஜிபி டிடிஆர்3 போடுங்கள், ஒரு எஸ்எஸ்டி, பிறகு லினக்ஸ். தமிழ் காட்ட எங்கேயும் டிக் அடிக்கவேண்டாம், சி.டி.யும் தேடவேண்டாம்.