றலி சைக்கிளும் என் முதல் றோட் பைக்கும்

சின்ன வயதில் அப்பா "எங்கட வீட்டை ஒரு றலி இருந்தது" என்று சொல்லும்போதெல்லாம் நான் பேரணி என்று நினைத்தேன். இங்கே பள்ளிக்கூடத்தில் 'றலி' என்றால் கொடி பிடித்துக்கொண்டு ஊர்வலம் போவது. எங்கள் வீட்டு முற்றத்தில் ஏன் ஊர்வலம் நடந்தது என்று நான் கேட்டதே இல்லை. யாழ்ப்பாணத்தில் என்னவும் நடந்திருக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

அது ஒரு சைக்கிளின் பெயர் என்று தெரிய எனக்கு இருபத்துநான்கு வயதாகிவிட்டது. ஒரு றோட் பைக் வாங்கப் போனதால் தெரிந்தது.

வாங்கும் கதையை முதலில் சொல்கிறேன், உங்களில் யாராவது இதே யோசனையில் இருக்கக்கூடும். என்னிடம் 800 பவுண் இருந்தது. அதில் 300 பவுணை முதல் கிழமையிலேயே வீணாக்கினேன். இணையத்தில் யாரோ விற்ற பழைய பைக் ஒன்று, படத்தில் அழகாக இருந்தது, வாங்கிவிட்டேன். சட்டத்தின் அளவு 58. என் உயரத்துக்கு 52 போதும். ஹாண்டிலை எட்டிப் பிடித்தால் முதுகு வலி, இறங்கி நின்றால் பார் இடிக்கும். சட்டை வாங்கும்போது அளவு பார்க்கிற நாங்கள் சைக்கிள் வாங்கும்போது நிறம் பார்க்கிறோம். பாதி விலைக்கு அதை விற்றுவிட்டு ஒழுங்கான கடைக்குப் போனேன். அப்பாவும் வந்தார், கார் ஓட்டுவதற்கு.

கடைக்காரப் பெடியன் பொறுமையானவன். அலுமினியமா கார்பனா, கியர் தொகுதி எது, ரயர் எத்தனை மில்லிமீற்றர் என்று விளக்கிக்கொண்டு போனான். அப்பா ஒரு பைக்கின் பின்சில்லைத் தூக்கிச் சுற்றிவிட்டு, காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டார். பிறகு தமிழில் என்னிடம், "பிள்ளை, இதுக்குக் கரியர் பூட்டேலாதோ எண்டு கேள்."

நான் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. காரில் வரும்போது, "அப்பா, இது றோட் பைக். உங்கட ஊர்ச் சைக்கிள் மாதிரி விறகு கட்டுறதுக்கில்லை" என்றேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து இறங்கும்போது மட்டும், "றலியும் றோட்டிலதான் ஓடினது" என்றார்.

அன்று இரவு படுக்கையில்தான் அந்தச் சொல் எனக்குப் பிடிபட்டது. றலி. ஆங்கிலேயர் 'ராலி' என்று இழுத்துச் சொல்லும் அதே பெயர். நான் நொட்டிங்காமில் மூன்று வருடம் படித்தவள். அந்தப் பெயரை அங்கே சுவர்களில் பார்த்திருக்கிறேன்.

நொட்டிங்காமில் ராலி ஸ்ட்ரீட் என்று ஒரு தெரு உண்டு. 1880களில் அங்கே இருந்த சின்னப் பட்டறையில் வாரத்துக்கு மூன்று சைக்கிள் அளவில் செய்தார்கள். பிராங்க் பௌடன் என்பவர் வெளிநாட்டில் பணம் சேர்த்துவிட்டு உடல்நலம் கெட்டுத் திரும்பியவர். சைக்கிள் ஓடினால் தேறும் என்று மருத்துவர் சொல்ல, ஓடித் தேறினார். 1887இல் அந்தப் பட்டறையையே வாங்கி, அடுத்த வருடம் தெருவின் பெயரில் கம்பனி தொடங்கினார். அப்போதுதான் சைக்கிளும் இன்றைய உருவத்துக்கு வந்திருந்தது. கொவென்றியில் ஜோன் கெம்ப் ஸ்ரார்லி 1885இல் செய்த 'ரோவர்', முன்சில்லு ஆளுயரம் இருந்த பழைய வண்டியை ஒதுக்கிவிட்டு, இரண்டு சில்லும் ஏறக்குறைய ஒரே அளவாக, பின்சில்லைச் சங்கிலி சுற்றும்படி வந்தது. 1888இல் பெல்பாஸ்றில் டன்லொப் என்ற மிருக வைத்தியர் தன் மகனின் மூன்றுசில்லு வண்டிக்குக் காற்றடைத்த ரயர் போட்டார். கடையில் நான் பார்த்த 900 பவுண் பைக்கையும் ரோவரையும் பக்கத்தில் நிறுத்தினால், இரண்டும் ஒரே குடும்பம் என்று குழந்தையும் சொல்லும்.

ராலி 1950களின் தொடக்கத்தில் வருடத்துக்குப் பத்து இலட்சம் சைக்கிள் செய்யுமளவுக்கு வளர்ந்தது. அவற்றில் பெரும்பகுதி கப்பலேறியது. அப்படி இலங்கைக்கு வந்த ஒன்றைத்தான் ஆசிரியராக இருந்த என் அப்பப்பா 1956இல் வாங்கினார். கறுப்புச் சட்டம், 28 அங்குலச் சில்லு, கம்பியால் இழுக்கும் பிரேக், கியர் ஒன்றே ஒன்று. பெடல் பூட்டிய பல்லுச் சக்கரத்தில் மூன்று பறவைத் தலைகள் வெட்டியிருக்கும். ராலியின் சின்னமான நாரை அது. அப்பாவுக்கு அது 'கொக்கு'.

கியருக்கு வருவோம், ஏனென்றால் கடையில் பாதி நேரம் அதற்குத்தான் போகும். கியர் வேகமாக ஓடுகிறவர்களுக்கான பொருள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வரலாறு வேறு. தூர் டு பிரான்ஸ் போட்டியை 1903இல் தொடங்கிய ஆன்றி டெக்ராஞ்சுக்குக் கியர் என்றாலே ஆகாது. அது நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு, உண்மையான வீரனுக்குக் கால் போதும் என்பது அவர் கட்சி. ஆகவே மலையடிவாரம் வந்ததும் வீரர்கள் இறங்கி, பின்சில்லைக் கழற்றி, மறுபக்கம் திருப்பிப் பூட்டினார்கள். மறுபக்கத்தில் பெரிய பல்லுச் சக்கரம் இருக்கும், ஏறலாம். உச்சியில் திரும்பவும் கழற்றல். சங்கிலியைத் தள்ளி மாற்றும் கியர் சுற்றுலாச் சைக்கிள்களில் எப்போதோ வந்துவிட்ட பிறகும், 1937இல்தான் தூரில் அதை அனுமதித்தார்கள். பிரேக் பிடியோடு சேர்ந்த கியர் விசையை 1990இல் கொண்டுவந்தது ஜப்பானின் ஷிமானோ. 1921இல் சக்காய் நகரில் தொடங்கிய பட்டறை அது. கத்திக்குப் பெயர்போன ஊர். இன்று ஆரம்ப விலைப் பைக்கிலும் அந்த விசைதான். ஆகவே கிளாரிஸா சோராவா என்று முதல் பைக்குக்கு நித்திரை கெடவேண்டாம். ஒன்றில் பின்னுக்கு எட்டுப் பல்லுச் சக்கரம், மற்றதில் ஒன்பது. பின்சக்கரங்களில் பெரியதற்கு எத்தனை பல் என்று பாருங்கள், மேட்டில் காப்பாற்றப்போவது அதுதான்.

'றோட் பைக்' என்று இவ்வளவு பெருமையாகச் சொல்கிறோமே, இந்த நாட்டிலேயே அதைத் தெருவில் ஒளித்து ஓடிய காலம் இருந்தது. பொலிஸ் எல்லாச் சைக்கிளையும் தடைசெய்துவிடும் என்ற பயத்தில், சைக்கிள் சங்கமே தெருவில் கூட்டமாகப் போட்டி வைக்க வேண்டாம் என்றது. விடியப்புறம், கறுப்பு உடையில், ஒருவர் பின் ஒருவராக நேரம் பிடித்து ஓடினார்கள். பாதைக்குப் பெயர் சொல்லாமல் இரகசிய எண் கொடுத்தார்கள். அந்த எண்கள் இன்னும் இருக்கின்றன. 1942 யூன் மாதம் பேர்சி ஸ்ராலார்ட் என்பவர் நாற்பது பேரைச் சேர்த்து வேல்சின் லங்கொலனிலிருந்து வுல்வர்ஹாம்ப்ரனுக்குப் போட்டி வைத்தார். போர்க்காலம், தெருவில் கார் குறைவு. ஒரு பிரச்சினையும் நடக்கவில்லை. ஆனாலும் சங்கம் அவரை விலக்கியது.

காருக்கு எண்ணெய் இல்லாதபோது தெரு சைக்கிளுக்கு வருகிறது. இதை வாசித்தபோதுதான் அப்பாவிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. மற்ற நாள்களில் ஊர்க்கதை கேட்டால் அவர் சுருக்கமாக முடித்துவிடுவார். சைக்கிளைப் பற்றிக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

1990 யூன் மாதம் போர் திரும்பத் தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை, மின்சாரம் இல்லை, பற்றரியும் தடை. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடினார்கள். மற்றதெல்லாம் சைக்கிள். நோயாளி, விறகு, நெல்லு மூட்டை, மணப்பெண். அம்மா தன் லேடீஸ் சைக்கிளில் பள்ளிக்கூடம் போனது அந்தக் காலத்தில்தான். இரவில் றலியைத் தலைகீழாக நிறுத்தி, அப்பா பெடலைக் கையால் சுற்றுவார். சில்லோடு உரசிச் சுழலும் டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலி பாடும். அயல் முழுக்க முற்றத்தில் கூடி பிபிசி தமிழோசை கேட்கும். கை களைத்தால் செய்தி நின்றுவிடும், "தம்பி, சுத்து சுத்து" என்று கிழவர்கள் கத்துவார்கள்.

யோசித்துப் பாருங்கள். நொட்டிங்காமில் செய்த சில்லைச் சுற்றி, லண்டனிலிருந்து வரும் செய்தியைக் கேட்டிருக்கிறார்கள், பக்கத்து ஊரில் என்ன நடந்தது என்று அறிய.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் ஒரே நேரத்தில் வெளிக்கிட்டது. இலட்சக்கணக்கான சனம் நாவற்குழிப் பாலத்தை நோக்கி. அந்த நெரிசலில் யாரும் சைக்கிள் ஓடவில்லை, உருட்டினார்கள். எங்கள் றலியின் கரியரில் அப்பம்மா, பாரில் இரண்டு பை, ஹாண்டிலில் ஒரு குடம். அப்பா உருட்ட, அப்பப்பா பின்னால் அப்பம்மாவின் முதுகைப் பிடித்தபடி நடந்தார். மழை. கொடிகாமத்துக்குப் போய்ச் சேர அடுத்த நாள் பின்னேரமாகிவிட்டது. "கரியர் நல்ல இரும்பு. இல்லாட்டி அம்மாவை நான் தூக்கியெல்லோ போயிருக்கவேணும்" என்றார் அப்பா. பிறகு அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பியபோது, றலியை ஒரு வீட்டில் பொறுப்புக் கொடுத்துவிட்டு வந்தார்கள். மீண்டும் போய்க் கேட்டபோது வீடும் இல்லை, சைக்கிளும் இல்லை.

நான் கணினியை எடுத்து, நொட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் ஜுபிலி வளாகத்தின் படத்தைக் காட்டினேன். ராலி தொழிற்சாலை நின்ற நிலத்தில், 1999இல் திறந்த வளாகம் அது. நான் கணினியியல் படித்த இடம். தொழிற்சாலையில் மிஞ்சியிருந்த சைக்கிள் வேலையும் சில வருடங்களில் நின்றுபோனது. முதல் நாள் அப்பாதான் காரில் சட்டி பானை, போர்வை எல்லாம் ஏற்றிக்கொண்டு என்னைக் கொண்டுபோய் விட்டவர். அங்கே இருக்கிற குளத்தின் ஓரத்தில் நின்று இடியப்பம் சாப்பிட்டோம்.

அப்பா படத்தைக் கன நேரம் பார்த்தார். "அந்தக் குளத்தடியிலயோ?" என்றார். "சொல்லியிருக்கலாமே, பிள்ளை."

எனக்கும் தெரியாதே, அப்பா.

அடுத்த சனிக்கிழமை திரும்பக் கடைக்குப் போனோம். இந்த முறை நானே பெடியனிடம் கேட்டேன், கரியர் பூட்ட இடமிருக்கிறதா என்று. அவன் சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி, முதல் பைக்குக்கு முதலில் அதைத்தான் பார்க்கவேண்டும்" என்றான். பின்சில்லின் அச்சுக்குப் பக்கத்தில் சின்னத் திருகுத் துளைகள் இருக்கும். போட்டிக்கென்று செய்த கார்பன் சட்டங்கள் பலவற்றில் அவை இல்லை. துளை இல்லாத பைக்கில் மட்காட்டும் சரிவராது, மழை நாட்டில் முதுகெல்லாம் சேறு. நான் எடுத்தது அலுமினியச் சட்டம், அளவு 52, எட்டுக் கியர், 32 மில்லிமீற்றர் ரயர். மெல்லிய ரயர்தான் வேகம் என்று நீண்ட காலம் நம்பினார்கள். இப்போது கல்லுத் தெருவில் ஓடும் போட்டியாளர்களே அகலத்துக்கு மாறிவிட்டார்கள். தலைக்கவசம், விளக்கு, பூட்டு, பம் எல்லாவற்றுக்கும் 120 பவுணை முதலிலேயே ஒதுக்கி வைத்திருந்தேன். அதையும் ஒதுக்காமல் பைக் விலையைப் பேசாதீர்கள். கணக்கு என்னிடம் இருந்ததைக் கொஞ்சம் தாண்டியது. மிச்சத்தை அப்பா கொடுத்தார், கரியருக்கு என்று.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அப்பா ஒரு சுற்று ஓடிப் பார்த்தார். ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹாண்டிலை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் நடுவில் பிடித்தார், பிரேக் எட்டவில்லை, பக்கத்து வீட்டு வேலியில் காலூன்றி நின்றார். இறங்கி வந்து பின்சில்லைத் தூக்கிச் சுற்றிக் காதைக் கிட்டக் கொண்டுபோனார்.

"நல்ல சில்லு," என்றார். "டைனமோ பூட்டுற இடம் எங்க?"