சாவி முதலில் வந்தது, பூட்டு பிறகுதான் தெரிந்தது



"சேர், அவன் வேணுமென்டுதான் செய்றான். மனசு வைச்சா விடலாம்தானே?" தூளில் மாட்டிய பிள்ளைகளைப் பற்றி நம்மூரில் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. பதில் சொல்லக் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

அபின் நமக்குப் புதிதல்ல. நாட்டு வைத்தியத்தில் அது மருந்து. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கையில் அரச அனுமதி பெற்ற அபின் கடைகளே இருந்தன. மக்கள் எதிர்த்தார்கள், கட்டுப்பாடு வந்தது. 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

1805 அளவில் சேர்ட்டுர்னர் என்ற ஜேர்மன் இளைஞர் அபினிலிருந்து மோர்பினைப் பிரித்தெடுத்தார். மோர்பினை மாற்றிச் செய்த ஹெரோயினை 1898இல் பேயர் கம்பனி இருமல் மருந்தாக விற்றது! 1980களில் அதே ஹெரோயின் இலங்கையில் தூளாகப் பரவியது. 1984இல் சட்டம் இறுகியது: 2 கிராம் வைத்திருந்தாலே மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை போகலாம்.

இது உடம்பில் எங்கே வேலை செய்கிறது? 1973இல் அமெரிக்காவில் கண்டஸ் பெர்ட், சொலமன் ஸ்னைடர் ஆகியோர் மூளையில் அபினுக்குப் பொருந்தும் பூட்டுகள் இருப்பதைக் காட்டினார்கள். 'ஏற்பிகள்' என்பது அவற்றின் பெயர். 1975இல் ஸ்கொட்லாந்தில் ஹியூஸும் கொஸ்டர்லிட்ஸும் அந்தப் பூட்டுக்கு மூளையே செய்யும் சாவியைக் கண்டார்கள்: என்கெபலின். நோவைத் தாங்க அல்லாஹ் நமக்குள் வைத்த ஏற்பாடு அது.

தூள் ஒரு கள்ளச் சாவி. திரும்பத் திரும்பத் திறந்தால் பூட்டு மரத்துப் போகும், பழைய அளவு போதாது. திடீரென நிறுத்தினால் வாந்தி, வயிற்றோட்டம், உடம்பு முழுக்க நோவு, தூக்கமில்லாத இரவுகள். அந்த நேரத்தில் மனசு மட்டும் போதாது, வைத்தியமும் வேண்டும்.

இன்னொன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். மூச்சை நடத்தும் இடத்திலும் இதே ஏற்பிகள் உண்டு. சில மாதம் விட்டிருந்தால் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். சிறையிலிருந்தோ புனர்வாழ்வு நிலையத்திலிருந்தோ வந்தவன் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். நலொக்சோன் என்ற மருந்து அந்தச் சாவியைத் தள்ளிவிட்டு மூச்சை மீட்கும், ஆனால் நேரத்தோடு கொடுக்க வேண்டும்.

ஆகவே திரும்பி வந்த பிள்ளையை ஏசி விரட்டாதீர்கள், தனியே விடாதீர்கள். ஆலோசனைக்கு 1927. மூச்சு மந்தமானால் மானம் பார்க்காமல் உடனே 1990 அம்புலன்ஸ்.

பாவத்தைப் பாவம் என்றே சொல்வோம், நோயாளியை நோயாளியாகவே பார்ப்போம். யா அல்லாஹ், எங்கள் பிள்ளைகளைப் பாதுகாப்பாயாக.